ஊவாத் தோட்டங்களில் குடியும் மனவடுவும்

தோட்டத் தொழிலாளி குடிகாரன் என்ற குற்றச்சாட்டுக்கு இந்நாட்டுப் பெருந்தோட்டங்களின் வயதேதான் வயது. துரை சொன்னார்; தவறணைக்கு வரி வாங்கிய அரசாங்கம் சொன்னது; மதுவிலக்குக்காரர் மேடையேறிச் சொன்னார்கள்; வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவர்கள், வாக்குக் கிடைத்த பின்னர் சொல்கிறார்கள். பள்ளிக்கூட ஆசிரியர்களாகிய நாமும் இதிலே சளைத்தவர்களல்லர். பெற்றோர் கூட்டத்துக்கு வராத தகப்பனைப் பற்றி, 'அவன் தவறணையில் கிடப்பான்' என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிடுகிறோம்.

குற்றச்சாட்டுப் பொய்யென்று வாதாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடி உண்டு, குடியால் அழிந்த குடும்பங்களும் உண்டு. ஆனால் நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக இக்குடியைப் பற்றிப் பேசியவர்களுள், எந்த நோவுக்கு மருந்தாக இம்மனிதன் இதனைக் குடிக்கிறான் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? மருத்துவ உலகமே அக்கேள்வியை ஒழுங்காகக் கேட்கத் தொடங்கி அரை நூற்றாண்டுதான் ஆகிறது. அது கண்டறிந்தவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பதுளையையும் அதனைச் சூழ்ந்த தோட்டங்களையும் திரும்பிப் பார்த்தால், நமக்குப் பழக்கமான வரலாறே வேறொரு முகத்தைக் காட்டுகிறது.

கோப்பிக் காலத்திலிருந்து தொடங்குவோம். திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், மதுரை, இராமநாதபுரம், சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, கங்காணியின் பின்னால் புறப்பட்ட மக்கள் மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை வழியே மாத்தளைவரை கால்நடையாகவே வந்தார்கள். ஊவாவுக்கு வரவேண்டியவர்களுக்கு அதன் பின்னரும் பல நாள் மலைநடை மிச்சமிருந்தது. பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இலேதான். வாந்திபேதியும் காய்ச்சலும் அந்தப் பாதையில் மனிதரை அரித்தெடுத்தன. 1841க்கும் 1848க்கும் இடையில் எழுபதினாயிரம் பேர் மாண்டிருக்கலாமென்று 'கொழும்பு ஒப்சேவர்' 1849இல் கணக்கிட்டது. அந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியரிடையே கருத்து வேறுபாடு உண்டு. பாதையோரத்திற் பிணங்கள் கிடந்தன என்பதில் வேறுபாடில்லை.

இறந்தவர்களின் தொகையைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். பிழைத்து வந்து சேர்ந்தவர்களைச் சற்று நினைத்துப் பாருங்கள். நடக்கமாட்டாத தாயைக் காட்டிலே விட்டுவிட்டுக் கங்காணியின் அதட்டலுக்கு அஞ்சி நடந்தவன், மறுவாரமே விடியற்காலையில் தப்படித்த ஓசைக்கு எழுந்து பிரட்டுக்களத்திலே நின்றான். அவனுக்கு அழுவதற்கென்று ஒரு நாட்கூட ஒதுக்கப்படவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லய அறையில், இன்னும் நாலைந்து பேரோடு, கண்ணை மூடினால் என்ன கண்டிருப்பான் என்பதை எந்தத் தோட்டத்துப் பேரேடும் குறித்து வைக்கவில்லை.

அவனுக்கு முன்பாகவே மலைக்கு வந்து கடை விரித்திருந்தது சாராயக் குத்தகை. ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் உரிமையை அரசாங்கம் ஏலத்தில் விடும். எடுத்தவர் வீதியோரங்களிலும் தோட்டத்து எல்லைகளிலும் தவறணைகளைத் திறப்பார். குடியேற்ற அரசின் வருமானத்தில் இதற்குக் கணிசமான இடமிருந்தது. குத்தகையில் திரண்ட பணம் எங்கே போயிற்று என்பதும் சுவையான கதை. ஜெரோனிஸ் டி சொய்சா அத்தகைய பணத்தைக் கொண்டே 1837இல் ஹங்குரன்கெத்தையில் பழைய அரச தோட்டத்தை வாங்கிக் கோப்பி பயிரிட்டார். இலங்கையர் முதலாளி வர்க்கத்தின் பல பெருங்குடும்பங்களுக்குச் சாராயமே மூலதனமாயிற்று என்பதைக் குமாரி ஜயவர்தனவின் ஆராய்ச்சி விரிவாக எடுத்துக்காட்டியிருக்கிறது. தோட்டத்தில் ஈட்டிய கூலி தவறணைக்குப் போய், அங்கிருந்து இன்னொரு தோட்டமாக வளர்ந்து திரும்பி வந்ததென்றால் மிகையில்லை.

1869இல் இதே ஊவாவின் மடுல்சீமைப் பகுதியிலேதான் கோப்பி இலையில் அந்தச் செம்மஞ்சள் பொட்டு முதன்முதலாகக் காணப்பட்டது. அடுத்த பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி மாண்டது. துரைமாரின் நட்டத்தை எழுதாத வரலாற்று நூலில்லை. வேலையும் அரிசியும் இன்றி நின்ற கூலியாட்களைப் பற்றிய பக்கங்கள் மிகக் குறைவு. தேயிலை வந்தது, தவறணை இருந்த இடத்திலேயே இருந்தது.

சட்டம் சும்மா இருந்ததென்று சொல்லிவிட முடியாது. தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்காக 1872இல் ஒரு சட்டமும் 1912இல் மற்றொன்றும் வந்தன. தோட்டத்து மருந்தகங்களும் ஆஸ்பத்திரிகளும் அவற்றின் வழியே எழுந்தன. காய்ச்சலுக்குக் கொயினா கிடைத்தது. வயிற்றுப் புழுவுக்கு மருந்து கிடைத்தது. வேலை செய்யும் கையும் காலும் ஓரளவு கவனிக்கப்பட்டன. உறக்கமின்மைக்கும் நடுக்கத்துக்கும் காரணமில்லாத கோபத்துக்கும் மருந்தகத்தில் எதுவுமில்லை. அதற்கு வேறிடம் இருந்தது, இருட்டிய பின்னும் திறந்திருந்தது, கடனும் கொடுத்தது.

'குளிருக்கு மருந்து' என்று தொழிலாளி தன் குடிக்குக் காரணம் சொல்வதுண்டு. உடலியல் அறிந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். மது தோலின் இரத்தக் குழாய்களை விரித்து, உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்றுகிறது. சூடு ஏறியதுபோல் தோன்றுவது மயக்கமே. ஆயினும் ஹப்புத்தளைக் குளிரில் நனைந்த சாக்கைப் போர்த்துக்கொண்டு வீடு திரும்புகிறவன் பொய் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றுவதில்லை. குளிர் என்ற சொல்லால் அவன் வேறொன்றையும் சேர்த்தே குறிக்கிறான்.

இந்நாட்டின் மதுவிலக்கு இயக்கம் 1904இலும் பின்னர் 1912இலும் பேரலையாக எழுந்தது. அந்நிய ஆட்சிக்கு எதிரான உணர்ச்சியை முதன்முதலாகப் பெருந்திரள் மக்களிடம் கொண்டு சென்றது அதுவே என்பதனை நாம் மறுக்கலாகாது. டி. பி. ஜயதிலக, எப். ஆர். சேனநாயக்க, அவருடைய தம்பி டி. எஸ். சேனநாயக்க முதலியோர் அதிலே வளர்ந்த தலைவர்கள். ஆனால் அவ்வியக்கத்தின் கனவு, குடியற்ற பௌத்த சிங்களக் கிராமம். தோட்டத்துத் தமிழன் அக்கனவில் ஒரு பாத்திரமாகவே இல்லை. இருந்தாலும் தவறணையின் வாடிக்கையாளனாக மாத்திரமே இருந்தான். மதுவிலக்கு மேடைகளில் அரசியல் பயின்ற அதே டி. எஸ். சேனநாயக்கவின் அரசாங்கம் 1948இல் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்து ஏறத்தாழ ஏழு இலட்சம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்று பங்கு பிரித்தார்கள். அண்ணன் கப்பலேற, தம்பி லயத்தில் நின்ற குடும்பங்கள் பசறையிலும் நமுனுகுலையிலும் இன்றும் உண்டு.

காந்தியடிகள் 1927 நவம்பரில் இலங்கைக்கு வந்தபோது பதுளைக்கும் வந்தார். தோட்டத் தொழிலாளரிடம் குடியை விட்டுவிடுமாறு இரந்து கேட்டார். அவருடைய அன்பில் நமக்கு ஐயமில்லை. எனினும் குடியை அவர் ஒரு தீயொழுக்கமாகவே கண்டார். அக்காலத்தில் வேறு எவ்வாறு காண்பது? கூலியைக் கூட்டினால் குடி தானே குறைந்துவிடும் என்று நம்பிய நம் தொழிற்சங்கத் தோழர்களின் பார்வையும் பாதியளவே சரியாக இருந்தது என்பதை இங்கே சொல்லத்தான் வேண்டும். கூலி உயராமல் குடி குறையாது. கூலி உயர்ந்ததால் மட்டும் கெட்ட கனவு நின்றுவிடுவதில்லை.

தோழர்களைப் பற்றிப் பேசுகையில் வெவெஸ்ஸையை விட்டுவிட்டுப் போக முடியாது. 1940 மே மாதத்தில், பதுளையை அடுத்த வெவெஸ்ஸைத் தோட்டத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து, தாமே தெரிந்தெடுத்த ஒரு குழுவை அமைத்தனர். அக்குழுவைக் கலந்தே தோட்டத்தை நடத்த வேண்டிய நிலை துரைக்கு ஏற்பட்டது. அடக்க வந்த பொலிஸ் கூட்டத்தின் ஆயுதங்களையும் தொழிலாளர் பறித்துக்கொண்டனர். பின்பு வெள்ளம் வந்து ஊவாவை நாட்டின் ஏனைய பகுதிகளிலிருந்து ஒரு வாரத்துக்கு மேல் துண்டித்தது. அந்தத் தனிமையிலே அடக்குமுறை அவிழ்த்துவிடப்பட்டது. இவ்வேலைநிறுத்தத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம், கூரவும் வேண்டும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகு என்ன ஆயிற்று? அடிபட்ட மனிதனின் முதுகு ஆறியது. பொலிஸ் லொறியின் இரைச்சல் கேட்கும்போதெல்லாம் அவன் உடல் என்ன செய்தது? இயக்க வரலாறுகளை நான் இக்கேள்வியோடு படித்துப் பார்த்திருக்கிறேன். வீரத்தின் கதை வேலைநிறுத்தத்தோடு முடிந்துவிடுகிறது.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1977இல் மலையகத்துத் தோட்டங்களிலே தீ வைத்தார்கள், 1981இலும் வைத்தார்கள். 1983 ஜூலை 27 முற்பகலில், பதுளை மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னே தமிழருக்குச் சொந்தமான மோட்டார் சைக்கிள் ஒன்று கொளுத்தப்பட்டது. நண்பகலில் கடைவீதி எரிந்தது, பிறகு வீடுகள். அக்கூட்டம் பறித்தெடுத்த வண்டிகளில் ஏறிக்கொண்டு பண்டாரவளை, ஹாலி எல, வெலிமடை என்று சென்றது. இரவாகுமுன் லுணுகலையும் எரிந்தது.

நான் பசறைப் பக்கத்துச் சிறிய பள்ளிக்கூடமொன்றில் படிப்பித்த காலத்தில், ஒரு மாணவனின் தகப்பனைப் பற்றி எனக்கு மிகுந்த கோபம் இருந்தது. அந்த மனிதர் வருடம் முழுவதும் ஒருவாறு ஒழுங்காகவே வேலைக்குப் போவார். ஆடி, ஆவணி மாதங்கள் வந்தால் தொலைந்தார். சம்பள நாள், சம்பளமில்லா நாள் என்ற வேறுபாடே இல்லாமற் குடிப்பார், வீட்டிலே அடி, பையன் அந்த மாதங்களில் வகுப்பிலே தூங்குவான். ஒருநாள் வழியில் மறித்து நன்றாகவே ஏசினேன். அவர் மறுமொழி சொல்லாமல் எதிரே இருந்த மலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊவாவிலே அது கச்சான் காற்றின் காலம், மழையில்லை, பத்தனைப் புல்வெளிகள் காய்ந்து, யாரோ வைத்த தீ இரவெல்லாம் மலைமேல் மாலைபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். ஊரெங்கும் புகை மணம். நெடுநாட் கழித்து அவருடைய மனைவி சொல்லித்தான் தெரிந்தது. 1983இல் அவர் பதுளையில் ஒரு சாப்பாட்டுக் கடையிலே வேலை செய்த பையன். கடையின் பின்புறக் கூரைக்கடியில் ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். உடனிருந்த ஒருவர் தப்பவில்லை. புல் எரியும் மணம் வந்தால் அவருக்கு அந்தக் கூரை வந்துவிடும். புகையில்லாத மாதங்களில் அவர் மனிதர். புகை வந்துவிட்டால், அதனை மறப்பதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வழி கசிப்பு. நான் ஏசியது ஆவணி மாதத்தில்.

இந்த நிலைக்கு மருத்துவம் வைத்திருக்கும் பெயர், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய். வியட்னாமிலிருந்து திரும்பிய போர்வீரரின் போராட்டத்துக்குப் பின் 1980இலேதான் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தனது நோய்ப் பட்டியலில் இதனைச் சேர்த்தது. அதற்கு முந்திய போர்களிலும் இதே நோயைக் கண்டவர்கள், கோழைத்தனம் என்றும் நரம்புத் தளர்ச்சி என்றும் பெயரிட்டுப் போயினர். நடந்த கொடுமை நினைவாக மாறிப் பின்னுக்குப் போகாமல், இப்போதே நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருவது இதன் முதற் குறி. ஒரு மணமோ ஓசையோ போதும். உறக்கத்தில் கனவாக வரும். விழிப்பில் திடுக்கீடாக வரும். நாளடைவில் அதை நினைவூட்டும் மனிதரையும் இடத்தையும் அவன் தவிர்ப்பான். எவரோடும் ஒட்டாமற் போவான். சின்னச் சத்தத்துக்கும் சீறுவான். இலங்கையில் டொக்டர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திலிருந்து பல்லாண்டு உழைத்து இந்நோயை நம் மண்ணின் சூழலில் வைத்து எழுதினார். தனி மனிதனின் மனம் மட்டுமன்றி, குடும்பமும் ஊருமே வடுப்படுவதை அவர் எடுத்துக் காட்டினார். வடக்கைப் பற்றி அவ்வாறு எழுதப்பட்ட அளவுக்கு மலையகத்தைப் பற்றி எழுதப்படவில்லை.

இந்நோய் உள்ளவர்களிடையே குடியும் பிற போதைகளும் ஏனையோரிடத்தைவிட மிகுதி என்பது பல நாடுகளிலும் கண்டறியப்பட்ட உண்மை. எட்வர்ட் கன்சியன் என்ற அமெரிக்க மருத்துவர் 1985இல் இதற்கொரு விளக்கம் தந்தார்: போதையைத் தேடுபவன் பெரும்பாலும் இன்பத்தைத் தேடுவதில்லை, தாங்கமுடியாத உணர்ச்சியொன்றுக்குத் தானே மருந்து போட்டுக்கொள்கிறான். ஆனால் இது ஏமாற்றும் மருந்து. மது முதல் நாலு மணி நேரம் உறக்கந் தரும். பின்னிரவில் அதன் வேகம் இறங்கும்போது உறக்கத்தைக் குலைத்துக் கனவுகளை முன்னிலும் கொடிதாக்கும். விடியும்போது உடல் நடுங்கும். அந்த நடுக்கம் பழைய பயத்தின் நடுக்கத்தைப் போலவே இருக்கும். அதை அடக்க மறுபடியும் குடிக்க வேண்டும். எது நோய், எது மருந்து என்று பிரித்தறிய முடியாதபடி இரண்டும் முறுக்கேறிவிடுகின்றன.

லீ ரொபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970களில் கண்டதொன்று இவ்விடத்தில் முக்கியமானது. வியட்னாமில் இருந்த அமெரிக்கப் படையினருள் ஏறத்தாழ ஐந்திலொருவர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டிருந்தனர். அவர்கள் நாடு திரும்பினால் என்னாகுமோ என்று அரசாங்கம் நடுங்கிற்று. ஆனால் திரும்பிய முதலாண்டிலே மீண்டும் அடிமைப்பட்டவர்கள் மிகச் சிலரே. காடும் குண்டும் பின்னால் போயின. போதையும் பெரும்பாலோரை விட்டுப் போயிற்று.

ஊவாத் தொழிலாளிக்குத் திரும்பிப் போக வேறு ஊர் எங்கே இருக்கிறது? அவனுடைய காடு அவன் வீட்டு வாசலிலேயே தொடங்குகிறது. 1983க்குப் பின்னர் அதே மணிக்கூட்டுக் கோபுரத்தைக் கடந்துதான் அவன் சந்தைக்குப் போனான். 2000 ஒக்ரோபர் 25 காலையில், பண்டாரவளைக்கு அண்மையில் பிந்துனுவெவப் புனர்வாழ்வு நிலையத்துக்குள் ஒரு கூட்டம் புகுந்து, அங்கே அரசின் காவலில் இருந்த இருபத்தைந்துக்கு மேற்பட்ட தமிழ் இளைஞரை வெட்டியும் எரித்தும் கொன்றது. ஆயுதந் தாங்கிய பொலிஸார் அங்கே நின்றனர். வழக்கு உயர்ந்த நீதிமன்றம்வரை போய், 2005இல் தண்டனை பெற்றிருந்தவர்களும் விடுதலையாயினர். 2014 ஒக்ரோபர் 29 காலையிலே கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டும் காணாமலும் போயினர். அந்தச் சரிவு ஆபத்தானதென்று ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தன. மற்றவர்களுக்கு மழை பருவம். இவர்களுக்கு அது மேலே இருக்கும் மலையைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கும் இரவு. நோய்ப் பெயரிலுள்ள 'பிற்பட்ட' என்ற சொல்லே இங்கே பொருந்துமா என்று நான் ஐயுறுவதுண்டு.

எல்லாக் குடியையும் மனவடுவின் கணக்கிலே எழுதிவிடலாகாது. அப்படி எழுதினால் முதலிற் சிரிப்பவர்கள் லயத்துப் பெண்களாகவே இருப்பார்கள். அதே தீயை அவர்களும் பார்த்தார்கள். அதே மண்ணுக்குள் பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள். அவர்களிற் பெரும்பாலோர் தவறணைக்குப் போகவில்லை. கொழுந்துக்கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போனார்கள், திரும்பி வந்து அடுப்பை மூட்டினார்கள். பெண்ணின் சம்பளத்தையும் கணவனே போய் வாங்கும் வழக்கம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்ததால், அவளுடைய உழைப்பும் குடிக்கு உதவிற்று. வழக்கம், ஆண்பிள்ளை என்ற உரிமை, கைக்கெட்டும் தூரத்திலுள்ள கடை, வேறு பொழுதுபோக்கின்மை யாவும் சேர்ந்தே ஒருவனைக் குடிகாரனாக்குகின்றன. மேலும், குடித்துவிட்டு வரும் தகப்பனின் காலடிச் சத்தத்துக்குக் கட்டிலடியில் ஒளியும் குழந்தைக்கு அந்தக் காலடியே ஜூலை மாதம். என் வகுப்பிலே தூங்கிய பையனுக்கும் ஒரு வடு உண்டென்பது அன்று எனக்குத் தெரியாது.

சரி, மருத்துவம் இதற்கு என்ன செய்கிறது? நெடுங்காலம் அதன் கட்டளை ஒன்றே: முதலிற் குடியை நிறுத்து, பிறகு உன் துயரத்தைச் சொல். போதையில் இருப்பவனிடம் பழையதைக் கிளறினால் இன்னும் குடிப்பான் என்ற அச்சமே காரணம். நான் சொன்ன மனிதரையும் ஒருமுறை வற்புறுத்தி ஒரு வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்தவர் தலை நிமிராமலே, குடியை விட்டுவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அவர் போகும் வழியிலேயே குடித்தார். கால் முறிந்தவனிடம் நடந்து வா, கட்டுப் போடுகிறேன் என்பதுபோல் அன்றோ இருக்கிறது!

அக்கட்டளை இன்று தளர்ந்துவிட்டது. லீசா நஜவிற்ஸ் என்பவர் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் ஒரு முறையை வகுத்து 2002இல் நூலாக வெளியிட்டார். பழைய நிகழ்ச்சியைக் கிளறுவதற்கு முன், இன்றைய நாளைப் பத்திரமாகக் கழிப்பது எப்படி என்பதைப் பழக்குவது அது. ஆஸ்திரேலியாவில் கதரின் மில்ஸ் குழுவினர் 103 பேரை வைத்து நடத்தி 2012இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி துணிந்து சென்றது. போதையை முற்றாக விடாதவர்களோடும், நடந்ததைச் சிறிது சிறிதாக, பாதுகாப்பான இடத்தில், மறுபடி மறுபடி சொல்ல வைக்கும் சிகிச்சையைச் சேர்த்துச் செய்தார்கள். மனவடுவின் கொடுமை வழக்கமான சிகிச்சையைவிட அதிகம் தணிந்தது. அஞ்சியபடி போதை கூடவில்லை. ஆனால் போதை தானாக அதிகம் குறைந்துவிடவுமில்லை. ஆகவே வடுவை ஆற்றினால் குடி தானே ஓடிவிடும் என்று எவரும் நினைக்க வேண்டாம். இரண்டுக்கும் இரண்டு உழைப்பு தேவை, ஒரே இடத்தில், ஒரே காலத்தில்.

முறைகளைப் பற்றிப் பேசுமுன் ஓர் எச்சரிக்கை. பல்லாண்டு நாள்தோறும் குடித்தவன் திடீரென நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், பூச்சிகளும் மனிதரும் தெரிவதாகப் பிதற்றலாம், உயிரே போகலாம். கோயிலில் சத்தியம் செய்துவிட்டு நிறுத்தியவனுக்கு இப்படியானால், பேய் பிடித்ததென்று கோடாங்கியை அழைத்து உடுக்கடிப்பதை நான் கண்டிருக்கிறேன். அது பேயன்று, வைத்தியசாலையில் மாத்திரைகளாலும் உயிர்ச்சத்து ஊசியாலும் சில நாட்களிலே கடக்கக்கூடிய நிலை. இதைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடலியற் பாடத்திலேயே சொல்லிக்கொடுக்கலாம்.

பெரிய மருத்துவர்களில்லாத இடத்தில் என்ன செய்வது? கோவாவில் 377 ஆண்களிடையே நடத்தி 2017இல் வெளியான ஆய்வொன்றில், பட்டம் பெறாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர்க்காரர்கள் சில சந்திப்புகளில் பேசியதாலேயே மூன்று மாதத்தில் நூற்றுக்கு 36 பேரின் குடி கட்டுக்குள் வந்தது. அது கிடைக்காதவர்களில் அத்தொகை 26. தமிழ்நாட்டிலே, சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி. டி. கே. மருத்துவமனையினர் பின்னாளில் திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடிக் கிராமத்துக்கே சென்று முகாம் அமைத்தனர். நோயாளியை ஊரைவிட்டுப் பிரிக்காமல், ஊராரையும் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டு நடத்திய முகாம் அது. நம் மக்களின் முன்னோர் புறப்பட்ட பழைய தஞ்சைச் சீமையிலே செய்ய முடிந்ததைப் பசறையிலே செய்ய முடியாதா?

இங்கே அரசு கையாளும் சொல் 'புனர்வாழ்வு'. போதைக்கு அடிமையானவர்களைக் கட்டாயமாகச் சிகிச்சைக்கு அனுப்ப 2007இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் புனர்வாழ்வுப் பணியகச் சட்டம் நிறைவேறிற்று. அதன் மூல வடிவம் அரசியலமைப்புக்கு முரணானதென்று உயர்ந்த நீதிமன்றம் கண்டபின், திருத்தப்பட்டே நிறைவேறிற்று. கந்தகாடு போன்ற இடங்களில் இச்சிகிச்சை படையினரின் மேற்பார்வையில் நடந்து வந்திருக்கிறது. சீருடையைக் கண்டால் உடல் விறைக்கும் ஒருவனைச் சீருடைக்காரரிடமே அனுப்பிச் சுகப்படுத்துவது எவ்வாறு என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் யோசித்தார்களா என்பது தெரியவில்லை. அச்சொல்லை ஊவாத் தமிழன் முதன்முதலில் எந்த நிலையத்தின் பெயர்ப்பலகையிற் படித்தான் என்பதை மேலே கூறினேன்.

அந்த மனிதர் பின்னர் முற்றாகக் குடியை விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. ஆனால் ஓராண்டு ஆடி மாதத்தில், அவருடைய மனைவியின் தம்பி அவரைப் புகையில்லாத கீழ்நாட்டுக்கு, மொனராகலைப் பக்கம், ஆறு வாரம் கூலி வேலைக்கு அழைத்துப் போனார். அந்த ஆறு வாரத்தில் ஒரு மாலைப் பொழுது, தம்பியிடம் கூரைக்கடியில் நடந்ததைத் தொடக்கம் முதல் கடைசிவரை சொன்னாராம். இருபது வருடத்தில் அதுவே முதல் முறை. அந்த ஆண்டு பையன் வகுப்பிலே தூங்கவில்லை.

பதுளையின் பெரிய வைத்தியசாலையிலே மனநோய்ச் சிகிச்சைப் பிரிவு உண்டு. மடுல்சீமையின் மேற்பிரிவுத் தோட்டமொன்றிலிருந்து அங்கே போய் வர, காலை முதற் பஸ்ஸைப் பிடித்தாலும் ஒரு முழு நாள் ஆகும். அன்றைய பேர் விழாது. துணைக்கு வரும் மனைவியின் பேரும் விழாது. பஸ் கூலி இருவருக்கும் வேறு. அங்கே தமிழ் பேசும் ஒருவர் இருந்தால் நோவைச் சொல்லலாம். இல்லையென்றால் யாராவது மொழிபெயர்க்க வேண்டும், அதுவும் பலர் முன்னிலையில். அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்லுவார்கள். தவறணைச் சந்தி லயத்திலிருந்து பத்து நிமிட நடை.